பால்வெட்டுக் கத்தியில் ஒரு சின்னத் தாங்கி: காப்புரிமை கிடைக்குமா?

வாசகர் கடிதம் (சுருக்கமாக):

குலசேகரம் பக்கம் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். வயது 54. அப்பா காலத்திலிருந்தே ரப்பர் பால்வெட்டுக் கத்தி செய்து கொடுக்கிறோம். புதிதாக வெட்டப் பழகுகிறவர்கள் கையில் கத்தி ஆழமாக இறங்கி மரம் காயப்பட்டுவிடுகிறது. அதைத் தடுக்க அலகை ஒட்டி ஒரு சின்னத் தாங்கி வைத்தேன். மூன்று முறை தோற்று, நான்காவது கத்திதான் சரியாக வந்தது. நான்கின் படமும் அனுப்பியிருக்கிறேன். ஏழு மாதமாக ஆறு வெட்டுக்காரர்களிடம் காசு வாங்காமல் கொடுத்துப் பார்க்கிறேன். கேரளத்து வெள்ளறடையில் ஒரு கடைக்காரர், "இதில் என்ன இருக்கிறது, தச்சனுடைய இழைப்புளியில் இருப்பதுதானே, எந்தக் கொல்லனும் ஒரு மணி நேரத்தில் செய்வான்" என்கிறார். ஆனால் தன் கடைக்கு இருபது கத்தியும் கேட்கிறார். இன்ஜினியரிங் படித்த என் அக்கா மகன், "இது ஆப்வியஸ் மாமா, பேட்டன்ட் கிடைக்காது, பேசாமல் யூடியூபில் போட்டு விற்கலாம்" என்கிறான். நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள அண்ணனுக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். கடையில் வைக்க வேண்டாம். வீடியோ போட வேண்டாம். தெரிந்தவர் கேட்டால்கூட ஒரு கத்தியும் விற்க வேண்டாம். ஏன் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

இனி அந்த 'ஆப்வியஸ்', அதாவது எளிதில் புலப்படுவது. உங்கள் அக்கா மகன் சொன்ன சொல் சட்டத்தில் இருப்பதுதான். 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் ஒரு பொருளிடம் மூன்று கேட்கிறது. அது புதிதாக இருக்க வேண்டும், தொழிலில் பயன்பட வேண்டும், அதில் ஒரு கண்டுபிடிப்புத் திறன் இருக்க வேண்டும். பயன்படுமா என்பதில் உங்களுக்குச் சிக்கல் இல்லை. புதிதா என்பது தேடிப் பார்த்தால் தெரிந்துவிடும். மூன்றாவதில்தான் சண்டை எல்லாம். ஏற்கெனவே உள்ள அறிவோடு ஒப்பிட்டால் தொழில்நுட்பத்தில் ஒரு முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இரண்டுமோ இருக்க வேண்டும்; அதோடு, அந்தத் துறை அறிந்த ஒருவருக்கு அது எளிதில் புலப்படாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது பிரிவு 2(1)(ஜேஏ). நடுவில் உள்ள 'அதோடு' முக்கியம். நன்றாக விற்கும், நாட்டுக்கு நல்லது என்று மட்டும் சொல்லி நிற்கும் விண்ணப்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது பாதிக் கிணறுதான்.

எளிதில் புலப்படாதது என்றால் யாருக்கு? கடைக்காரருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. சட்டம் ஒரு கற்பனை மனிதரை நிறுத்துகிறது. அவர் அந்தத் தொழிலை நன்றாக அறிந்தவர், அதுவரை வெளியான எல்லாவற்றையும் படித்தவர், வழக்கமான மாற்றங்களைச் செய்து பார்க்கும் கைப்பழக்கம் உள்ளவர். ஆனால் உங்கள் கத்தியைப் பார்த்தே இராதவர். கடைசியில் சொன்னதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். கடைக்காரர் உங்கள் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு "எந்தக் கொல்லனும் செய்வான்" என்றார். பார்த்த பிறகு எந்தக் கொல்லனும் செய்வான், அதில் சந்தேகமே இல்லை. பார்க்காதபோது செய்திருப்பானா என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியை நம் உச்ச நீதிமன்றம் 1978-லேயே கேட்டிருக்கிறது. மிர்சாப்பூரில் பித்தளைப் பாத்திரம் செய்கிறவர்களுக்கு இடையில் வந்த வழக்கு, பிஸ்வநாத் பிரசாத் ராதே ஷியாம் என்ற பெயரில் இன்றும் தினமும் மேற்கோள் காட்டப்படுகிறது. பாத்திரத்தைக் கடைந்து மெருகு போடும்போது லேத்தில் அதை இறுக்கிப் பிடிக்கும் ஓர் அமைப்புக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். நீதிமன்றம் அதை ரத்து செய்தது. லேத்தும் பழசு, இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் முறையும் பழசு, இது பட்டறையில் நடக்கும் சாதாரணச் சீர்திருத்தம் என்றது. ஆனால் அளவுகோலையும் அதே தீர்ப்பு கொடுத்தது: திறமையுள்ள ஒரு கைவினைஞர் இதே சிக்கலில் நிற்கிறார், புதுப் பொருளைப் பார்த்ததில்லை, அவர் கையில் பழைய ஆவணங்களைக் கொடுத்தால் 'எனக்கு வேண்டியது இதில் இருக்கிறது' என்று சொல்வாரா? சொல்வார் என்றால் காப்புரிமை இல்லை.

உங்கள் கத்தியை இந்த அளவுகோலில் வைக்க வேண்டும் என்றால் முதலில் மரத்தடிக்குப் போக வேண்டும். நான் அருமனையில் வளர்ந்தவள். விடியும் முன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மாமா வெட்டப் போகும்போது சிரட்டை துடைத்து வைக்கக் கூடவே போவேன். ரப்பர் தெரியாத மற்ற வாசகர்களுக்காகவும் சேர்த்துச் சொல்கிறேன்.

மரத்தின் பட்டையில் இடது மேலிருந்து வலது கீழாகச் சரிந்து ஒரு வெட்டு போகும். ஒவ்வொரு வெட்டு நாளிலும் அந்த விளிம்பிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு சீவல் எடுப்பார்கள். வெட்டு மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போகும். மேலே வெட்டி முடித்த பரப்பு ஒரு சுவர் மாதிரி நிற்கும், அதில் புதுப் பட்டை வளரும். பால் குழாய்கள் பட்டையின் உட்பக்கம், மரத்தை ஒட்டித்தான் நெருக்கமாக இருக்கின்றன. ஆகவே ஆழமாக வெட்டினால்தான் பால். ஆனால் அதற்கும் உள்ளே கேம்பியம் என்ற மெல்லிய வளர்படலம் இருக்கிறது. அதில் கத்தி பட்டுவிட்டால் அந்த இடத்தில் புதுப் பட்டை ஒழுங்காக வராது, முண்டு முண்டாக வீங்கும், அடுத்த சுற்றில் அங்கே கத்தி வைக்க முடியாது. நல்ல வெட்டுக்காரர் அந்தப் படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் நிறுத்துவார். அந்த ஒரு மில்லிமீட்டர் அவர் மணிக்கட்டில் இருக்கிறது. மாமா கத்தி இழுக்கும் சத்தத்தை வைத்தே ஆழத்தைச் சொல்வார். அதைக் கற்றுக்கொள்ள எத்தனை மரம் காயப்பட வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

இந்தச் சிக்கல் இன்று நேற்று வந்ததில்லை. மரத்தைக் கொத்தாமல் சீவிப் பால் எடுக்கும் முறையை சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தில் ரிட்லி வகுத்தது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில். 1902-ல் பெரியாற்றங்கரை தட்டேக்காட்டில் ரப்பர் தோட்டம் போட்டார்கள். அன்றிலிருந்து கத்தியும் காயமும் சேர்ந்தேதான் வருகின்றன.

சரி, உங்கள் நான்கு கத்திகள். படங்களைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தேன். கடிதத்தில் நீங்கள் இரண்டு வரியில் முடித்துவிட்டதை நான் விரித்து எழுதுகிறேன், உங்கள் வழக்கே அதில்தான் இருக்கிறது.

முதல் கத்தியில் தாங்கி பட்டையின் வெளிப்பரப்பில் உட்காருகிறது. இழைப்புளியில் ஆழத்தைக் கட்டுப்படுத்தும் கட்டை மாதிரி. வெளியிலிருந்து இவ்வளவுதான் உள்ளே போகலாம் என்று அது கத்தியைத் தடுக்கும். ஆனால் பட்டையின் கனம் மரத்துக்கு மரம் வேறு, ஒரே மரத்தில் மேலும் கீழும் வேறு. ஒரு மரத்துக்குச் சரியாக வைத்தால் அடுத்த மரம் காயப்பட்டது. இரண்டாவதில் வெளிப்பட்டையை விட்டுவிட்டு, ஏற்கெனவே வெட்டிய சுவரில் ஓடும்படி ஒரு சிறு உருளை வைத்தீர்கள். பால் பட்டு, காய்ந்து, ஒட்டுப்பாலாகி உருளை நின்றுபோனது. மூன்றாவதில் உருளையை எடுத்துவிட்டு வழவழப்பான ஒரு தட்டை வைத்தீர்கள், 20 மில்லிமீட்டர் அகலம். அது முதலில் அருமையாக வேலை செய்தது, பிறகு ஒவ்வொரு வாரமும் பால் குறைந்துகொண்டே வந்தது. நான்காவதில் அந்தத் தட்டை 6 மில்லிமீட்டராகக் குறுக்கினீர்கள். நின்றுவிட்டது சிக்கல்.

ஏன் குறுக்கினால் சரியாயிற்று? "அகலமாக இருந்தால் பழைய பட்டையில் ஏறி உட்கார்ந்துவிடுகிறது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அண்ணே, அந்த ஒரு வரிதான் உங்கள் கண்டுபிடிப்பு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்றுவிட்டு ஒரு நாள் வெட்டு, ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் என்றால் 20 மில்லிமீட்டர் என்பது பதின்மூன்று வெட்டு, அதாவது கிட்டத்தட்ட ஒரு மாதம். தட்டின் மேல்விளிம்பு போன மாதம் வெட்டிய இடத்தில் உட்காருகிறது. அங்கே புதுப் பட்டை வளர்ந்து தடித்துவிட்டது. அந்தத் தடிப்பு கத்தியை வெளியே தள்ளுகிறது, வெட்டு மேலோட்டமாகிறது, பால் குறைகிறது. 6 மில்லிமீட்டர் என்றால் நான்கு வெட்டு, ஒரு வாரம். அதற்குள் பட்டை வளர்ந்திருக்காது. ஆக உங்கள் தாங்கி மரத்தின் வெளிப்புறத்தை அளக்கவில்லை. போன வாரம் நல்ல வெட்டுக்காரர் நிறுத்திய அந்த ஒரு மில்லிமீட்டரை அப்படியே இன்றைக்கு எடுத்துக் கொடுக்கிறது.

இப்போது அந்தக் கற்பனை மனிதரைக் கூப்பிடுவோம். காயத்தைத் தடுக்கக் கத்தியில் ஒரு தாங்கி வைக்கலாம் என்று அவருக்குத் தோன்றுமா? தோன்றும். தச்சுக் கருவிகளில் இருக்கிறது. சீனாவில் பேட்டரியில் ஓடும் பால்வெட்டுக் கருவிகளுக்குக் குவிந்து கிடக்கும் விண்ணப்பங்களிலும் ஆழம் கட்டுப்படுத்தும் பாகங்கள் உண்டு. ஆகவே 'தாங்கி வைத்த பால்வெட்டுக் கத்தி' என்று நீங்கள் உரிமை கேட்டால் காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் ஒரு மணி நேரத்தில் தள்ளிவிடுவார், அது நியாயமும்தான். உருளை? அதுவும் எவருக்கும் தோன்றும். தாங்கியைத் திருகு வைத்து ஏற்றி இறக்குவது? அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். 1851-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கதவுக் குமிழ் வழக்கு வந்தது. மரத்திலும் உலோகத்திலும் இருந்த குமிழைக் களிமண்ணில் செய்திருந்தார்கள். சாதாரண மெக்கானிக்கின் திறமைக்கு மேல் அதில் எதுவும் இல்லை என்று காப்புரிமை போயிற்று. பொருளை மாற்றுவது, இடத்தை மாற்றுவது, திருகு சேர்ப்பது எல்லாம் அந்த வகை.

ஆனால் தாங்கியின் அகலத்தை வெட்டு நாட்களின் கணக்கோடு கட்டியது? அதை எந்த இழைப்புளியும் அவருக்குச் சொல்லித் தராது. இந்த இடத்தில் உங்களுக்கு எதிரான மிகப் பலமான வாதத்தையும் நானே வைத்துவிடுகிறேன், பரிசோதகர் கண்டிப்பாக வைப்பார். தச்சுப் பட்டறையில் பலகையைச் சமப்படுத்தும் மோட்டார் இழைப்பு மேசையில், வெட்டி முடிந்த பரப்பைத் தாங்கும் பின்பக்க மேசை அலகின் மட்டத்திலேயே இருக்கும். வெட்டிய பரப்பை ஆதாரமாகக் கொள்வது தச்சனுக்குப் பழக்கமான விஷயம், அதை ரப்பர் கத்திக்குக் கொண்டுவந்தது என்ன பெரிய காரியம் என்பார். நம் பதில் இது: பலகை செத்த மரம். வெட்டிய பரப்பு வெட்டியபடியே கிடக்கும், நேற்று வெட்டியதும் போன மாதம் வெட்டியதும் ஒன்றுதான். அங்கே தாங்கும் பரப்பு நீளமாக இருக்க இருக்க நல்லது. அந்த அறிவை அப்படியே கொண்டுவந்தால் அகலமான தட்டுதான் வரும், உங்கள் மூன்றாவது கத்திதான் வரும், அது தோற்கும். ஜெயித்தது தச்சு அறிவுக்கு நேர் எதிர்த்திசையில் போனதால். பழைய அறிவு ஒருவரை வேறு பக்கம் கூட்டிப்போகிறது, அவர் திரும்பி இந்தப் பக்கம் வந்தார் என்று காட்ட முடிந்தால், எளிதில் புலப்படாதது என்று வாதிட அதைவிட நல்ல ஆதாரம் குறைவு.

இதற்கு 1966-ஆம் ஆண்டு பிப்ரவரி 21-ஐ நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன். அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரே நாளில் இரண்டு தீர்ப்பு கொடுத்தது. ஒன்று கிரகாம் என்பவரின் உழவுக் கருவி. கல் நிறைந்த நிலத்தில் உழும்போது கொழுவின் தண்டு உடையாமல் இருக்க ஸ்பிரிங் வைத்த பிடி. தம்முடைய பழைய அமைப்பில் கீல் தகட்டுக்கு மேலே இருந்த தண்டைப் புதியதில் கீழே மாற்றினார். தோற்றார். இன்னொன்று ஆடம்ஸ் என்பவரின் பேட்டரி. மக்னீசியத்தையும் குப்ரஸ் குளோரைடையும் வைத்து, தண்ணீர் ஊற்றினால் வேலை செய்யும்படி அமைத்தார். அந்தக் காலத்து நிபுணர்கள் அது நடக்காது என்றார்கள், இருந்த நூல்களும் அந்த வழி வேண்டாம் என்றன. அவர் ஜெயித்தார். இரண்டிலும் தனித்தனிப் பாகங்கள் பழசுதான். ஒருவர் பாகத்தை இடம் மாற்றினார், இன்னொருவர் ஊர் நம்பியதற்கு எதிராகப் போனார்.

கிரகாம் தோற்றதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை உங்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். தண்டு கீழே இருப்பதால் முழு நீளத்துக்கும் வளைந்து கொடுக்கிறது, அதுதான் பலன் என்று வழக்கில் வாதிட்டார்கள். நீதிமன்றம் விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்தது. அதில் அப்படி ஒரு வரியே இல்லை. பின்னால் யோசித்துச் சொன்னது என்று ஒதுக்கிவிட்டது. உங்கள் கடிதத்தில் 'பழைய பட்டையில் ஏறி உட்காருகிறது' என்பது எப்படி ஓரமாக வந்ததோ, அப்படியே விண்ணப்பத்திலும் ஓரமாகப் போய்விட்டால் உங்களுக்கும் அதே கதிதான். முதல் நாள் தாக்கல் செய்யும் தாளிலேயே அது நடுவில் இருக்க வேண்டும். அகலம் எவ்வளவு, ஏன், அகலமாக வைத்தபோது பால் எப்படிக் குறைந்தது, குறுக்கியபோது என்ன ஆயிற்று, மூன்று நாளுக்கு ஒருமுறை வெட்டுகிற தோட்டத்தில் அகலம் எவ்வளவாகும், எல்லாம். கண்டுபிடித்தவர்கள் பெருமையாகச் சொல்வது ஒன்று, சட்டத்தில் நிற்பது வேறு. நீங்கள் கடிதத்தில் திருகைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள்!

கைக்கருவி என்றாலே 'இது என்ன பெரிய விஷயம்' என்ற பேச்சு எல்லா ஊரிலும் வருகிறது. 1960-களில் அமெரிக்காவில் ஒரு பெரிய கடையில் விற்பனையாளராக இருந்த பீட்டர் ராபர்ட்ஸ் என்ற 18 வயது இளைஞர், ராட்செட் ஸ்பானரின் தலையில் ஒரு பொத்தான் வைத்து, அதை அழுத்தினால் சாக்கெட் கழன்று விழும்படி செய்தார். எண்ணெய்க் கையோடு ஒரு கையால் கழற்றலாம். 1965-ல் காப்புரிமை கிடைத்தது. பின்னால் வழக்கானபோது இது எளிதில் புலப்படுவதுதான் என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. 1983-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், எளிதில் புலப்படுமா என்பதை எப்படி அளப்பது என்று ஜூரிக்குச் சரியாகச் சொல்லித் தரவில்லை என்று மறுவிசாரணைக்கு அனுப்பியது. இன்று எந்த ஒர்க்‌ஷாப்பிலும் அந்தப் பொத்தானைப் பார்க்கலாம், பார்க்கிற எவருக்கும் அது இயல்பாகத்தான் தெரியும். நம் நாட்டிலும், பார்த்த பிறகு வரும் இந்தத் தெளிவை ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2015-ல் ஒரு மருந்து வழக்கில் படிப்படியாக எழுதி வைத்திருக்கிறது. அதே நீதிமன்றம் 2022-ல் இன்னொரு வழக்கில், 'எளிதில் புலப்படுகிறது' என்று ஒரு வரியில் தள்ள முடியாது, பழையதில் இருந்து புதியதற்கு எப்படி வர முடியும் என்பதைப் பரிசோதகர் விளக்க வேண்டும் என்றும் சொன்னது. அதனால் நிராகரிப்பு வந்தால் பயப்பட வேண்டாம், காரணம் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

பரிசோதகர் கையில் எடுக்கக்கூடிய இன்னொரு பிரிவு 3(எஃப்). தெரிந்த கருவிகளைச் சும்மா சேர்த்து வைப்பது, ஒவ்வொன்றும் தன் பழைய வேலையைத் தனித்தனியாகச் செய்துகொண்டிருந்தால், கண்டுபிடிப்பு ஆகாது. குடையில் டார்ச் கட்டியது மாதிரி. உங்கள் கத்தியில் அலகு விட்டுப்போன பரப்பில்தான் தாங்கி உட்காருகிறது, தாங்கி சொல்கிற ஆழத்தில்தான் அலகு வெட்டுகிறது. ஒன்று இல்லாமல் இன்னொன்று இல்லை. இதில் எனக்குக் கவலை இல்லை.

எனக்குக் கவலை உள்ள இடம் வேறு. உங்களுக்கு முன்னால் யாராவது இதே குறுகிய தாங்கியை வைத்திருந்தால் மேலே சொன்ன எதுவும் உதவாது. அது காப்புரிமை ஆவணமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பாய்மரப் பலகை வழக்கு என்று ஒன்று உண்டு. 1960-களின் கடைசியில் விண்ணப்பித்த காப்புரிமை பின்னால் இங்கிலாந்தில் செல்லாமல் போனது. காரணம், 1958-ல் 12 வயதுப் பையன் ஒருவன் தானே செய்த பாய்மரப் பலகையில் ஹேலிங் தீவுக் கடற்கரையில் எல்லாரும் பார்க்க விளையாடியிருந்தான். அதனால் முதலில் தேடுங்கள். உலகம் முழுவதும் பால்வெட்டுக் கத்திகளுக்கு என்றே ஒரு வகைப்பாட்டு எண் இருக்கிறது: ஏ01ஜி 23/12. கூகுள் பேட்டன்ட்ஸிலும் நம் காப்புரிமை அலுவலகத்தின் தேடல் பக்கத்திலும் அந்த எண்ணை அக்கா மகனை விட்டுத் தேடச் சொல்லுங்கள். சீனம், மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா விண்ணப்பங்களின் வரைபடங்களைப் பார்த்தாலே போதும். தாங்கி எங்கே உட்காருகிறது, எவ்வளவு அகலம் என்று ஒவ்வொன்றிலும் குறித்து வைக்கட்டும். அவர் இன்ஜினியர், இந்த வேலையில் உங்களைவிட வேகமாக இருப்பார். கோட்டயம் ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தின் வெளியீடுகளையும் விடக்கூடாது. பிறகு, சுற்றுவட்டாரத்தில் வயதான கொல்லர்கள் யாராவது இப்படிச் செய்து பார்த்ததுண்டா என்று உங்கள் கத்தியைக் காட்டாமல் விசாரியுங்கள்.

இப்போது கடைக்கும் வீடியோவுக்கும் வருகிறேன். நம் சட்டத்தில், தாக்கல் செய்யும் முன் விற்றாலோ வெளியிட்டாலோ பொருள் பழசாகிவிடும். கண்டுபிடித்தவரே வெளியிட்டாலும் அப்படித்தான். அமெரிக்காவில் பொதுவாக ஓராண்டு அவகாசம் உண்டு. அதைப் படித்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நம்பிக் கெட்டவர்கள் இருக்கிறார்கள். இங்கே விதிவிலக்குகள் மிகக் குறுகலானவை. அதில் ஒன்று உங்களுக்குப் பொருந்துகிறது. நியாயமான சோதனைக்காக மட்டும், அந்தச் சோதனையை வெளியில் செய்துதான் ஆக வேண்டும் என்றால், தாக்கல் தேதிக்கு முந்தைய ஓராண்டுக்குள் நடந்த பயன்பாடு கண்டுபிடிப்பைக் கெடுக்காது என்கிறது பிரிவு 32. ரப்பர் கத்தியைப் பூட்டிய அறையில் சோதிக்க முடியாது, மரம் தோட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஏழு மாதம் ஆகிவிட்டது. உங்களுக்கு மீதி ஐந்து மாதம். இருபது கத்தி வெள்ளறடைக் கடைக்குப் போன நாளில் அந்தப் பாதுகாப்பும் போய்விடும், அதன் பெயர் சோதனை இல்லை, வியாபாரம்.

ஐந்து மாதம் தாராளம். முதலில் தற்காலிக விவரக்குறிப்பை, அதாவது கண்டுபிடிப்பை விவரிக்கும் முதல் தாளை, தாக்கல் செய்யலாம். தனிநபருக்கு ஆன்லைனில் கட்டணம் 1,600 ரூபாய். அன்றைய தேதி உங்களுடையதாகிவிடும், முழு விவரக்குறிப்புக்கு 12 மாதம் கிடைக்கும். பரிசோதனை கேட்டு விண்ணப்பிக்க 31 மாதம் வரை அவகாசம், கட்டணம் 4,000 ரூபாய். எழுதித் தருகிற முகவரின் கட்டணம் தனி, அதுதான் பெரிய செலவு. தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தில் காப்புரிமைத் தகவல் மையம் இருக்கிறது, அங்கே முதலில் கேட்டுப் பாருங்கள். அகமதாபாத் பக்கம் தேசிய புத்தாக்க நிறுவனம், உங்களைப் போலப் பட்டறையிலிருந்து வருகிறவர்களுக்கு உதவவே இருக்கிறது. கேரளத்தில் தனியாக வாங்க வேண்டுமா என்ற சந்தேகம் வேண்டாம். காப்புரிமை நாடு முழுவதற்கும் ஒன்றுதான், கேரளமும் நம் சென்னை கிண்டி அலுவலகத்தின் எல்லைக்குள்தான் வருகிறது. கிடைத்தால் தாக்கல் தேதியிலிருந்து 20 ஆண்டு.

நேராகக் கேட்டீர்கள், நேராகவே சொல்கிறேன். தாங்கி வைத்த கத்தி என்று கேட்டால் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. புதிதாக வெட்டிய பரப்பில் மட்டும் உட்காரும் குறுகிய தாங்கி, அதன் அகலம் வெட்டுக் கணக்கோடு கட்டப்பட்டது என்று கேட்டால், தேடலில் அப்படியே எதுவும் அகப்படாத பட்சத்தில், கையெழுத்துப் போட்டு உங்களுக்காக வாதாட நான் தயார். உரிமை குறுகலாகத்தான் இருக்கும். அகலமான தாங்கியோடு வேறொருவர் விற்றால் தடுக்க முடியாது. ஆனால் அது வேலை செய்யாது என்பதை நீங்கள்தான் நிரூபித்திருக்கிறீர்கள். கைப்பிடியின் அந்த வளைவு அழகாக இருக்கிறது, அதை வடிவமைப்புச் சட்டத்தில் தனியாகப் பதியலாம், முதலில் 10 ஆண்டு, பிறகு 5. ஆனால் அது தோற்றத்துக்கு மட்டும்தான்.

இந்த வாரமே இரண்டு வேலை செய்யுங்கள். ஆறு வெட்டுக்காரர்களிடமும், எந்தத் தேதியில் கத்தி வாங்கினார்கள், சோதனைக்காக மட்டும் காசில்லாமல் வாங்கினார்கள், வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதோடு எத்தனை மரம் வெட்டினார்கள், எத்தனை காயம், பழைய கத்தியில் எத்தனை என்பதையும் இனி அவர்களே நோட்டில் குறிக்கட்டும். அப்புறம், முதல் மூன்று கத்திகளும் பட்டறை மூலையில் கிடக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அவற்றைப் பழைய இரும்போடு போட்டுவிடாதீர்கள். ஒவ்வொன்றிலும் தேதியை எழுதி, துணியில் சுற்றி, வீட்டில் பத்திரமாக வையுங்கள். குறிப்பாக அந்த 20 மில்லிமீட்டர் தட்டு வைத்ததை. பரிசோதகர் முன்னால் நான் மேசைமேல் வைக்க விரும்புவது அதைத்தான்.

அன்புடன்,
உங்கள் காப்புரிமை ஆலோசகர்